சொல்லுக்கு உயிர் தேடிய துறவி

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கிழக்கே செல்வோர், ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலும் அணைத்து நிற்கும் நீண்டதொரு மணற்பரப்பை அடைவர். வாவிக்கரையின் சேற்று நிலத்திலே கண்டலும் தில்லையும் வேரூன்றி நிற்கும். கடற்கரை மணலிலே அடும்பங்கொடி படர்ந்து, செவ்வூதா நிறப் பூக்களை மலர்த்திக் கிடக்கும். நெய்தல் நிலத்துப் பாடல்களைப் படித்தவர்களுக்கு இவை யாவும் பழகிய பெயர்கள்.

அடும்பின் இலை நுனியிற் பிளவுபட்டது. அதைக் கண்ட சங்கப் புலவர் மானின் குளம்பை நினைந்தார். பதினெட்டாம் நூற்றாண்டிலே சுவீடன் தேசத்து லின்னேயசு என்னும் தாவர நூலறிஞர் அதே இலையைக் கண்டு ஆட்டின் காலை நினைந்து, அப்பொருள்பட இலத்தீன் மொழியிற் பெயரிட்டார். நம்மவரும் அக்கொடியை ஆட்டுக்காலடம்பு என்றே வழங்கிவந்தனர். தில்லை மரத்தின் பால் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும். அம்மரத்தின் இனப்பெயராக லின்னேயசு அமைத்த சொல்லும், குருடாக்குதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்ததே. கண்டல் மரத்தின் இலை நுனியிலே சிறு முள்போன்ற கூர் ஒன்று உண்டு. அக்கூரைக் குறிக்கும் மியூக்குரோனாற்றா என்ற அடைமொழி இன்றும் அதன் பெயரோடு ஒட்டி நிற்கின்றது.

உற்று நோக்கும் கண் எங்கும் ஒன்றே. கண்டதற்குப் பெயரிடும் ஆற்றலும் எல்லா மொழிகளுக்கும் உண்டு. ஆயினும், ஒரு மொழியார் இட்ட பெயர் உலகெங்கும் விஞ்ஞானமாக வழங்க, மற்றொரு மொழியார் இட்ட பெயர் ஏட்டிலேயே உறங்குவதேன்? இந்த வினாவை வாழ்நாள் முழுவதும் தம்மோடு சுமந்து சென்ற ஒருவர் இம்மட்டக்களப்பு நாட்டிலே பிறந்தார். முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலாநந்த அடிகளார் அவர். யாழ்நூல் தந்தவர் என்றே அவரை நாம் பெரிதும் போற்றுகிறோம். அவர் கலைச்சொல் தேடியவர் என்பதும், அவ்விரு பணிகளும் ஒரே வேரிற் கிளைத்தவை என்பதும் அத்துணை நினைக்கப்படுவதில்லை.

காரைதீவில் ஒரு மயில்வாகனம்

கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்தில் அமைந்த ஊர் காரைதீவு. நெல்வயல்களும் தென்னஞ்சோலைகளும் சூழ்ந்த அவ்வூர், கண்ணகியம்மன் கோயிலாற் பெயர்பெற்றது. அங்கே சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாக 1892-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அடிகளார் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். ஆண்டுதோறும் கண்ணகி வழக்குரை பாடப்படும் நாட்டிலே வளர்ந்த பிள்ளைக்குச் சிலப்பதிகாரக் கதை செவிவழிச் செல்வமாகவே கிட்டியிருக்கும். அச்செல்வம் பின்னாளில் எத்தகைய பயன் தந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

திண்ணையிலே தமிழும் வடமொழியும் தொடங்கிய மயில்வாகனனார், கல்முனையிலிருந்த மெதடித்த பாடசாலையிலும், பின்பு மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். 1908-இல், பதினாறாம் வயதில், கேம்பிரிட்சு சீனியர் பரீட்சையிற் சித்தியடைந்தார். சிறிது காலம் ஆசிரியராக இருந்தபின் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்து, 1912-இற் பயிற்றப்பட்ட ஆசிரியரானார். கொழும்பு வாழ்வில் அவருக்கு இரண்டு வாயில்கள் திறந்தன. ஒன்று, தென்கோவைப் பண்டிதர் கந்தையாபிள்ளை போன்றோரிடம் பெற்ற தமிழ்க் கல்வி. மற்றொன்று, தொழில்நுட்பக் கல்லூரியிற் பெற்ற விஞ்ஞானக் கல்வி. 1916-ஆம் ஆண்டிலே இவ்விரண்டும் ஒருங்கே கனிந்தன. அவ்வாண்டில் அவர் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஈழநாட்டிலிருந்து அப்பட்டத்தை முதன்முதற் பெற்றவர் அவரே என்பர்.

அக்காலத்திலே இவ்விரு கல்விகளும் ஒன்றையொன்று பாராத இரு வீடுகளாக இருந்தன. இரசாயனம் கற்றவர் அதனை ஆங்கிலத்திலன்றிப் பேசார். இலக்கணம் கற்றவர் இரசாயனத்தைத் தம் வாயிற்படி ஏறவிடார். ஒரே ஆண்டில் இரண்டு வீட்டுக்கும் உரியவரான இளைஞர், இடையிலிருந்த சுவரை நாள்தோறும் கண்டிருப்பார் என்பதிற் சந்தேகமில்லை.

மானிப்பாய் மண்ணிற் புதைந்த சொற்கள்

1917-இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக அமர்ந்தார். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பொறுப்பேற்றார்.

மானிப்பாய் என்ற ஊர்ப்பெயர் வந்தவிடத்தே நாம் சற்று நின்று பார்த்தல் வேண்டும். தமிழில் மேனாட்டு வைத்தியம் பேசத் தொடங்கிய ஊர் அது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிசுக் கிறீன் 1847-இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டு வைத்தியசாலையும் வைத்தியக் கல்வியும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், ஊரவர்க்குப் பயன்பட வேண்டுமாயின் ஊரவர் மொழியிலேயே கற்பித்தல் வேண்டும் எனக் கண்டு, 1860-களில் தமிழுக்கு மாறினார். அறுபதின் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே கற்றவர்கள். மாணவர் துணையோடு இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். 1873-இல் தாய்நாடு திரும்பிய பின்பும், 1884-இல் மறையும்வரை அப்பணியை விட்டாரல்லர்.

அந்நூல்களின் பெயர்களைப் பாருங்கள். உடலுறுப்புகளின் அமைப்பைக் கூறும் கல்விக்கு அங்காதிபாதம் என்றும், உறுப்புகளின் தொழிலைக் கூறும் கல்விக்குச் சுகரணம் என்றும், இரசாயனத்துக்குக் கெமிஸ்தம் என்றும் அவர் பெயரிட்டார். இன்று இச்சொற்களைச் சொல்வார் எவருமில்லை. அங்காதிபாதம் போய் உடற்கூற்றியல் வந்தது. சுகரணம் போய் உடற்றொழிலியல் வந்தது. கெமிஸ்தம் சொல்லப்பட்ட சுவடே இல்லை. கிறீனுக்குப் பின்னர் அரசாங்க உத்தியோகத்துக்கு வேண்டிய வைத்தியக் கல்வி ஆங்கிலத்தில் நிலைத்தது. கற்பிப்பார் இல்லாதபோது கற்பார் இலர். கற்பார் இல்லாதபோது சொல் இல்லை. மயில்வாகனனார் அதிபராக வந்தமர்ந்த ஊரின் மண்ணிலே இவ்வாறு ஒரு சொற்குவியல் புதைந்து கிடந்தது.

ஆங்கிலத்தில் இறந்த சொற்கள்

சொற்கள் இறப்பது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. ஆங்கில வைத்திய அகராதிகளின் பழைய ஏடுகளைப் புரட்டினால், இடுகாடு ஒன்றில் நடப்பது போலவே தோன்றும். அட்ராபிலியசு என ஓர் அடைமொழி இருந்தது; கரும்பித்தம் மிகுந்த என்பது அதன் பொருள். நம் வைத்தியர் வாதம், பித்தம், கபம் என மூன்று வகுத்தாற்போல, கிரேக்க வைத்தியர் இரத்தம், கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு வகுத்தனர். கரும்பித்தம் என ஒரு நீர் உடலில் இல்லை என்று பிற்காலத்து ஆராய்ச்சி காட்டவே, அதைத் தாங்கி நின்ற அடைமொழியும் வீழ்ந்தது. கண்டமாலை கொண்ட பிள்ளைகளை இசுட்ரூமசு என்ற சொல்லாற் குறித்தனர். இளைப்பு நோயாளரைத் திசிக்கல் என்றனர். 1882-இல் இராபர்ட்டு கோக்கு காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின், நோயின் தோற்றத்தைக் குறித்த அச்சொற்கள் மெல்ல மறைந்து, நோயின் காரணத்தைக் குறிக்கும் சொற்கள் வந்தன.

தாவர நூலிலோ நிலை வேறு. இலையின் வடிவத்தையும் அதன் மேலுள்ள மயிரையும் குறிக்க அந்நூலார் கொண்ட அடைமொழிகள் நூற்றுக்கணக்கானவை. இதயவடிவம், அம்பின் தலைவடிவம், சிறுவேல் வடிவம், சிறுநீரக வடிவம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். மயிரின்மைக்கு ஒன்று, மென்மயிருக்கு ஒன்று, பஞ்சுபோன்ற மயிருக்கு ஒன்று, சொரசொரப்புக்கு ஒன்று. தெருவில் நடக்கும் ஆங்கிலேயர் இவற்றை அறியார். ஆயினும், செடியைப் பிரித்தறியும் தேவை உள்ளவரையில் அவை மறைவதில்லை. தேவையற்றவை மட்டுமே உதிர்ந்தன.

இதிலிருந்து பெறப்படுவது யாது? கருத்து மாறுமிடத்து இறக்கும் சொல் இயல்பான முதுமையால் இறப்பது. அதற்கு வருந்துவாரில்லை. கற்பிக்க ஆளின்றி இறக்கும் சொல்லோ பாலின்றி இறக்கும் குழவி போன்றது. கிறீனின் தமிழ்ச் சொற்களுக்கு நேர்ந்தது இரண்டாவது வகை மரணம்.

காவியுடையும் கரும்பலகையும்

மானிப்பாய் அதிபர் பதவியில் அவர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1922-இற் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து பிரமசரிய தீட்சை பெற்றுப் பிரபோத சைதன்யர் ஆனார். 1924-இல் இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரான சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். மடத்திலிருந்த காலத்தில் இராமகிருஷ்ண விஜயம் என்ற தமிழ் இதழையும், வேதாந்த கேசரி என்ற ஆங்கில இதழையும் நடத்தும் பொறுப்பேற்றார். சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு ஒப்புநோக்கி எழுதிய மதங்க சூளாமணி 1926-இல் வெளிவந்தது.

துறவு பூண்டவர் கரும்பலகையைத் துறக்கவில்லை. 1925-இல் ஈழம் திரும்பி, இராமகிருஷ்ண மிசன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று வளர்த்தார். 1929-இற் கல்லடி உப்போடையிலே, வாவிக்கும் கடலுக்கும் இடையே, சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. குருவின் பெயரைத் தாங்கிய அக்கல்லூரிக்கு அவர் தேர்ந்த இடம், நிலவெரிக்கும் இரவுகளில் நீருக்குள்ளிருந்து இசை கேட்கும் என்று மட்டக்களப்பார் சொல்லும் வாவியின் அருகே அமைந்தது. அவ்விசையை நீரரமகளிரின் பாடலாகக் கற்பனைசெய்து அடிகளார் கவிதையும் இயற்றினார். ஆயினும் அவர் கவிஞராக மட்டும் நின்றுவிடவில்லை. ஒலி யாது, சுருதி யாது, ஒரு நரம்பின் நீளத்துக்கும் அது தரும் இசைக்கும் உள்ள கணக்கு யாது என்று கேட்கும் பௌதிக மாணவரும் அவருள்ளே விழித்திருந்தார்.

தில்லையிலிருந்து சென்னைக்கு

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் அழைக்கப்பட்டார். அப்பல்கலைக்கழகம் அமைந்த சிதம்பரத்துக்குத் தில்லை எனப் பெயர். மட்டக்களப்பு வாவிக்கரையில் நிற்கும் அதே தில்லைமரம், சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக் கழிகளிலும் நிற்கின்றது. அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததும் அக்காலத்திலேதான். பல்கலைக்கழகத்து மேடையிலிருந்து சேரித் திண்ணைக்கு நடந்த அந்நடையை, கலைச்சொற் பணியோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும். அறிவு யாவர்க்கும் உரியதெனக் கருதியவர், அது யாவரும் அறிந்த மொழியில் இருத்தல் வேண்டுமென விரும்பியது வியப்பன்று.

1933-இல் அப்பதவியை விட்டார். அக்காலத்திலே தமிழ்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் தமிழிற் கற்பிக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றிருந்தது. அதற்குத் தடையாகக் கூறப்பட்டது ஒன்றே: சொற்கள் இல்லை. முன்னரே 1916-இற் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் சாத்திரச் சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவி இதழும் நடத்தினர். அம்முயற்சி நீடிக்கவில்லை. பின்பு சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் அப்பணியை மேற்கொண்டனர். 1936-இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவர்கள் தேர்ந்தது விபுலாநந்த அடிகளாரையே. பண்டிதர் பட்டமும் விஞ்ஞானப் பட்டமும் ஒருங்கே உடைய ஒருவர் வேறு எளிதிற் கிட்டுவரோ?

பல துறை அறிஞர் துறைதோறும் குழுவாகப் பிரிந்து, சொல் சொல்லாக ஆராய்ந்தனர். பௌதிகம், இரசாயனம், கணிதம், தாவர நூல், விலங்கு நூல், உடல் நூல் முதலாகப் பல துறைகளுக்கும் உரிய ஏறக்குறையப் பத்தாயிரம் சொற்கள் திரண்டு, கலைச்சொற்கள் என்ற பெயரில் 1938-இல் நூலாயின.

தாவர நூலுக்குத் தமிழ் வறியதன்று. புறத்தே வைரமுடையதைப் புல் எனவும், அகத்தே வைரமுடையதை மரம் எனவும் தொல்காப்பியர் வகுத்தார். பனையையும் தென்னையையும் புல்லினத்தோடு வைத்த அப்பகுப்பு, ஒருவித்திலைத் தாவரங்களைத் தனியே பிரிக்கும் இக்காலத் தாவர நூலுக்கு மிக அணித்தானது. ஓலை, மடல், ஈர்க்கு, பாளை என்பன புல்லினத்துக்கும், இலை, தளிர், சினை, நனை என்பன மரத்துக்கும் உரிய உறுப்புப் பெயர்கள் என அவர் பிரித்துக் காட்டினார். இன்று நம் பிள்ளைகள் பாடசாலையிற் கூசாது சொல்லும் புல்லிவட்டம், அல்லிவட்டம், சூலகம் என்பன போன்ற சொற்களும் இப்பழஞ்சுரங்கத்திலிருந்து எடுத்த பொன்னிற் செய்தனவே.

இடர்ப்பாடு அடைமொழிகளிலே இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு விசித்திரம் காண்கிறோம். உறுப்பின் பெயர் வீட்டுச் சொல்லாக இருக்கும். அதன் அடைமொழி வேற்றுமொழிச் சொல்லாக இருக்கும். இதயம் ஹார்ட்டு; இதயத்துக்குரியது கார்டியாக்கு. சிறுநீரகம் கிட்னி, அதற்குரியது ரீனல். ஈரல் லிவர், அதற்குரியது ஹெப்பாட்டிக்கு. நுரையீரல் லங்கு, அதற்குரியது பல்மனரி. உறுப்பின் பெயரை அறிந்த குடியானவன் அதன் அடைமொழியைக் கேட்டால் திகைப்பான். கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர்க்கே அவ்வாசல் திறக்கும். ஆங்கிலேயரிற் பெரும்பாலோர்க்கும் தம் வைத்தியரின் பேச்சு அயல்மொழியாகவே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

தமிழிலோ இத்துன்பமில்லை. பெயரே சிறிது திரிந்தோ, திரியாதோ அடையாக நின்றுவிடும். மரம் என்பது மரக்கிளையில் மர என நிற்கும். ஈரல் என்ற சொல்லை அறிந்த கிழவி, ஈரலழற்சி என்ற சொல்லைக் கேட்டால், ஈரலுக்கு ஏதோ தீங்கு என்றாவது உணர்வாள். ஆகவே கலைச்சொல் தமிழாக இருத்தல் மொழிப்பெருமைக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. நோயாளி தன் நோயின் பெயரைத் தானே விளங்கிக்கொள்ளும் உரிமை அதனுள் அடங்கியிருக்கின்றது.

ஒரு பெரும் வழக்கு

நற்பணிக்கும் எதிர்ப்பு உண்டு. சங்கத்தார் தமிழ்ச் சொற்களுக்கு முதலிடம் தந்தனர். வேறு சிலரோ, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வடமொழியிலிருந்து சொற்களை எடுத்தல் வேண்டும் என்றனர். 1940-இற் சென்னை அரசாங்கம் சீனிவாச சாத்திரியார் தலைமையில் ஒரு குழு அமைத்தபோது, அக்குழு வடமொழிப் பக்கம் சாய்கின்றது எனத் தமிழறிஞர் கிளர்ந்தனர். கூட்டங்கள் நடந்தன, கண்டனங்கள் எழுந்தன, ஈற்றில் தமிழறிஞர் சிலரும் குழுவிற் சேர்க்கப்பட்டனர்.

இவ்வழக்கிலே இருதரத்தார்க்கும் ஓரளவு நியாயம் உண்டு என்பதை இன்று நாம் அமைதியாகக் காணலாம். பொதுச்சொல் வேண்டியவர் விஞ்ஞானம் எல்லை கடந்தது என்றனர். தமிழ்ச்சொல் வேண்டியவர் கற்பவன் எல்லைக்கு உட்பட்டவன் என்றனர். அடிகளாரின் உரைநடையை நோக்குவோர், அவர் வடசொல்லை வெறுத்தவரல்லர் என்பதை உடனே காண்பர். வடமொழியும் வேதாந்தமும் அவர்க்குச் சொந்தம். எனினும் கலைச்சொல் அவையில் அவர் தமிழுக்கே முதலிடம் தந்த பக்கத்தில் நின்றார். வேதாந்தம் துறவிக்கு உரியது. இரசாயனமோ பள்ளிப் பிள்ளைக்கு உரியது. பிள்ளைக்கு எது எளிதோ அதுவே சொல்லின் தகுதிக்கு அளவுகோல் என்பது அந்நிலையிலிருந்து நாம் பெறும் பாடம்.

இறந்த சொற்களை எழுப்பிய நூல்

1939 முதல் 1941 வரை அடிகளார் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்ற ஆங்கில இதழை நடத்தினார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். எங்கிருந்தபோதும் அவரை விடாது தொடர்ந்தது யாழாராய்ச்சி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே இசையமைதி கூறும் பகுதி உரையாசிரியர்க்குப் பின் எவர்க்கும் தெளிவுபடாது கிடந்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களும் ஏட்டுச் சொற்களாகவே எஞ்சியிருந்தன. யாழ் என்ற கருவியே மறைந்துவிட்டமையால், அதன் உறுப்புப் பெயர்களும் நரம்புப் பெயர்களும் பொருளற்ற ஒலிகளாயின.

கரும்பித்தம் இல்லையென்று ஆனபோது அதன் அடைமொழி இறந்தது நியாயம். யாழிசையோ இல்லாத பொருளன்று, மறக்கப்பட்ட பொருள். மறந்ததை நினைவூட்ட முடியுமாயிற் சொல் மீண்டும் உயிர்பெறும். அடிகளார் கணிதத்தையும் பௌதிகத்தையும் துணைக்கொண்டு, நரம்பின் நீளங்களையும் அலைவெண்களையும் கணக்கிட்டு, பழஞ்சொற்கள் குறித்த இசைநிலைகளை வரையறுத்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் அமைப்பை விளக்கினார். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல் ஏழு இயல்களாக விரிந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 சூன் மாதத்திலே, திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. ஆராய்ச்சியின்படி செய்த யாழ்கள் அவ்விழாவிலே இசைக்கப்பட்டன. நூற்றாண்டுகளாக ஒலியிழந்து கிடந்த சொற்கள் அன்று செவிக்குப் பொருளாயின.

புதுப்பொருளுக்குப் புதுச்சொல் ஆக்குதலும் பழஞ்சொல்லுக்கு அதன் பொருளை மீட்டுத் தருதலும் வேறு வேறு தொழில்களாகத் தோன்றலாம். இரண்டிலும் அடிகளார் செய்தது ஒன்றே: சொல்லையும் பொருளையும் மீண்டும் சேர்த்து வைத்தல்.

முன்றலிலே ஒரு சமாதி

அரங்கேற்றத்தின்போதே அவர் உடல் நலிந்திருந்தது. நூல் வெளிவந்து இரண்டு திங்கள் நிறைவதற்குள், 1947 சூலை 19-ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில் அடிகளார் கொழும்பிலே மறைந்தார். திருமேனி மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டு, சிவானந்த வித்தியாலய முன்றலில் ஒரு மரநிழலிற் சமாதி வைக்கப்பட்டது. இறைவனுக்கு உகந்த மலர் எதுவென்று வினவி, உள்ளமாகிய தாமரையே என விடைகூறும் அவர் பாடல் அச்சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ளது. மலரை வகைப்படுத்தும் அடைமொழிகளைத் தேடிய அவைக்குத் தலைமை தாங்கியவர், எந்த வகைப்பாட்டிலும் அடங்காத மலரைத் தம் கல்லறைக்கு விட்டுச்சென்றார்.

அவர் மறைந்தபின் ஈழத்திலே பாடசாலைக் கல்வி தாய்மொழிக்கு மாறிற்று. அரசகரும மொழித் திணைக்களத்தார் துறைதோறும் சொற்றொகுதிகள் வெளியிட்டனர். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் மலைநாட்டிலும் பிள்ளைகள் தாவரவியலையும் இரசாயனவியலையும் தமிழிலே கற்றனர், இன்றும் கற்கின்றனர். சென்னைச் சங்கத்தார் ஆக்கிய பத்தாயிரத்தில் எத்தனையோ சொற்கள் வழக்கொழிந்தன. ஈழத்தார் ஒன்று சொல்ல, தமிழகத்தார் வேறொன்று சொல்வதும் உண்டு. ஒளிச்சேர்க்கை என்பது அங்கே, ஒளித்தொகுப்பு என்பது இங்கே. அதனாலென்ன? வழங்கிப் பார்த்து விடப்பட்ட சொல் வீண்போன சொல்லன்று. அது அடுத்த சொல்லுக்கு ஏணியாக நின்றது. வழங்காமலே கைவிடப்பட்ட சொல்லே வீண்.

கல்லடியிலே இன்று அடிகளார் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் இசையும் நடனமும் நாடகமும் கற்பிக்கின்றது. யாழ்நூலாருக்கு ஏற்ற நினைவுச்சின்னம் அது. கலைச்சொல்லாருக்கு உரிய நினைவுச்சின்னமோ இன்னும் முற்றுப்பெறவில்லை. வைத்தியக் கல்வி இந்நாட்டிலே இன்றும் ஆங்கிலத்திலேதான் நடைபெறுகின்றது. உலகத்து ஆராய்ச்சியோடு ஒட்டி நிற்க அது தேவை என்பாரின் கூற்றை எளிதில் ஒதுக்கவியலாது. ஆனால், படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வைத்தியசாலைக்கு வரும் முதியவர் ஒருவர், தம் கையிலுள்ள நோய்க்குறிப்பைத் தாமே வாசித்தறிய இயலாது திரும்பும்வரையில், மானிப்பாயிலே கிறீன் தொடங்கியதும் சென்னையிலே அடிகளார் தொடர்ந்ததும் குறைப்பணியாகவே நிற்கும். அக்குறிப்பிலுள்ள சொற்கள் நோயாளிக்குத் தமிழிலே தரப்படுமாயின், பத்தாயிரம் சொற்களை ஆய்ந்த அந்நாள் அவையின் உழைப்பு ஒரு மனிதனின் கையிலேனும் பயன் தந்ததாகும்.

அடும்பின் இலையைக் கண்டு குளம்பை நினைந்த கண் நம்மிடம் அன்று இருந்தது. பெயரிடும் நாவும் இருந்தது. அவ்விரண்டும் இன்றும் நம்மிடம் உண்டு என்று காட்டவே காரைதீவிற் பிறந்த அத்துறவி வாழ்ந்தார். அவர் தேடித் தந்த சொற்களை வழங்குவதே அவருக்கு நாம் சாத்தும் மலர்.